பாதி பாதியாகத் தேடும் முறை

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'மவுஸ் தொடாத மேடம்' என்று பெயர். வைத்தது சாம்பிள் பாட்டில்களை வாங்கி அடுக்கும் 'பாட்டில் அக்கா'. பேரில் பொய்யில்லை. அவள் மேசையில் மவுஸ் ஒன்று இருக்கத்தான் செய்தது, அதன்மேல் தூசியும் இருந்தது. மாதாமாதம் இருநூற்றுச் சொச்சம் குழாய்களிலிருந்து வரும் எண்களை அலசி அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. எல்லாம் ஒரே ஒரு எடிட்டர் மென்பொருளில். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஒரு வேலையை இரண்டாவது தடவை செய்ய நேர்ந்தால் அதற்கு ஒரு ஷார்ட்கட் எழுதிவிடுவாள். மற்றவர்கள் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவள் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. பதினோரு வருடம் முன்பு அவள் எழுதிய அறிக்கை ஒன்றைப் பற்றி விசாரணை வந்தது. ஒரு பகுதியின் குளோரின் அளவு எப்படி வந்தது, செய்து காட்டுங்கள் என்றார்கள். மூன்று நாள் உட்கார்ந்தாள். அந்த எண் திரும்ப வரவே இல்லை. என்றோ ஒரு நாள் அவசரத்தில் ஒரே ஒரு எண்ணைக் கையால் திருத்தியிருக்கிறாள். எங்கேயும் குறித்து வைக்கவில்லை. நான்கு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலை சார்" என்று சொன்ன அந்த நிமிடம் அவளை இன்றுவரை விடவில்லை. அதற்குப் பிறகு கையால் எதையும் திருத்துவதில்லை. ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் தேதி போட்டுச் சேமிப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும், எந்தக் கணினியிலும், அதே கட்டளையைத் தட்டினால் அதே விடை வரவேண்டும். சரிபார்க்காமல் ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லமாட்டாள். மழை வருதா என்று கேட்டால்கூட எழுந்துபோய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

அந்த எடிட்டருக்கென்று தான் எழுதிச் சேர்த்த செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அந்தக் கோப்புறை தானாகவே தளத்துக்குப் போய்விடும். பெரும்பாலும் முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் அதை நகலெடுத்துப் பயன்படுத்தினார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் 'இன்னும் கல்யாணம் ஆகாதவள்' என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேர் கிடையாது. அந்தத் தளத்தில் நல்ல பேர் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே, நாற்பத்தொரு வயதில் ஒரு கர்வம்கூட இல்லாமலா?

அந்த ஐம்பது பேரில் ஒருவன் தங்கை கணவன்.

அவனை இன்னும் 'மாப்பிள்ளை' என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அப்படியே பழகிப்போய்விட்டது, அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலைதான். கல்யாணமான புதிதில், "எனக்கும் சொல்லிக் குடுங்க அண்ணி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பிள்ளையாக இருந்தான், அல்லது அப்படித் தெரிந்தான். எடிட்டரை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் செட்டிங்ஸ் அவன் கணினியில் தானாக வந்து இறங்கும்படி ஏற்பாடு செய்ததும் அவள்தான். ஏதாவது கெட்டுப்போனால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு முறையும் சொல்லிக்கொடுத்தாள். கோப்பைப் பாதியாக வெட்டு. ஒரு பாதியை மட்டும் வைத்துத் திறந்து பார். திறந்தால் கோளாறு மற்ற பாதியில். அதை மறுபடி பாதியாக வெட்டு. "ஐநூறு வரி இருந்தாக்கூட ஒன்பது தடவைதான். பத்தாவது தடவ தேவையே இல்ல" என்றாள். அவன் அசந்துபோய்விட்டான்.

தங்கை அவனை விட்டு வெளியேறி எட்டு மாதம் ஆகிறது. எதற்கு என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் இடது மணிக்கட்டில் இப்போது எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தகடு இருக்கிறது. அவள் முதலில் போன இடத்தை, அவளுடைய போன் பில்லை வைத்து அவன் கண்டுபிடித்தான். கத்தவில்லை, கதவை உடைக்கவில்லை. வாசலில் நின்று, "நீ எங்க போனாலும் நான் பொறுமையா தேடிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாளே தங்கையும் அவள் மகளும் அங்கிருந்து கிளம்பினார்கள். இது இரண்டாவது இடம். நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறொரு ஊர், மாடியில் ஒரு அறை, ஒரு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. ஏழு வயதுப் பெண் பள்ளியில் சேர்ந்து, இப்போதுதான் படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அந்த முகவரி உலகத்தில் அக்காவான இவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் அதைப் பூட்டுப்போட்ட கோப்பில், கடவுச்சொல் இல்லாமல் திறக்காதபடி வைத்திருந்தாள். தங்கைக்குப் புதுப் போன், புது எண். சலவைக் கூடத்துக்கு அழைப்பதென்றால் பாட்டில் அக்காவின் அறையில் இருக்கும் பழைய லேண்ட்லைனிலிருந்துதான். அசட்டையானவள் என்று யாரும் அவளைச் சொல்லமுடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒன்பது முப்பத்தைந்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். தளத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருந்தது, ஒன்பது பன்னிரண்டுக்கு யாரோ அவள் கோப்புறையின் கீழே எழுதியிருக்கிறார்கள். திறந்தாள்.

"அண்ணி, நேத்து நீங்க அனுப்பின மாற்றத்துக்கு அப்புறம் என் எடிட்டர் திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க."

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. அந்த 'அண்ணி'யை இரண்டு தடவை படித்தாள். இன்னுமா? இன்னுமா இவன் இதை எடுத்துக்கொண்டிருக்கிறான்? தான் உட்கார்ந்து போட்டுக்கொடுத்த ஏற்பாடு அது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, கேட்பாரில்லாமல், இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போன், பில், பாங்கு, எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. செட்டிங்ஸ்தானே, அதில் என்ன இருக்கிறது?

என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.

நேற்று சாயங்காலம் போன மாற்றங்களின் பட்டியலில், அவள் அனுப்பியதாக நினைவே இல்லாத ஒரு கோப்பு இருந்தது. எடிட்டரில் அவள் எதை வெட்டினாலும், நகலெடுத்தாலும், கடைசி ஐநூறு துண்டுகளை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டாலும் போகக்கூடாது என்று அவளே எழுதிச் சேர்த்த வசதி. எடிட்டர் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முதலில் படிப்பது அந்தக் கோப்பைத்தான். அந்தக் கோப்பு வெளியே போகக்கூடாது என்று 'இவற்றை அனுப்பாதே' பட்டியலில் பெயரும் போட்டிருந்தாள். மூன்று வாரம் முன்பு எடிட்டரின் புதுப் பதிப்புக்கு மாறினாள். புதுப் பதிப்பு அந்தக் கோப்பை வேறு பெயரில் சேமிக்கிறது. பட்டியலில் பழைய பெயர் இருந்தது. மூன்று வாரமாக அவள் வெட்டியது ஒட்டியதெல்லாம் ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறது.

நேற்று சாயங்காலம் தங்கை மகளுக்கு மூக்குக் கண்ணாடி அனுப்பினாள். பூட்டிய கோப்பைத் திறந்து, முகவரியை நகலெடுத்து, கூரியரின் இணையப் பக்கத்தில் ஒட்டி, பூட்டிய கோப்பை மறுபடி பூட்டினாள். பூட்டி என்ன? நகல் வெளியே தங்கிவிட்டது. மேலிருந்து நான்காவது துண்டு. தெரு, கதவு எண், மாடி, எதிரே என்ன கடை என்பது உட்பட.

அடி பாவி, போனை எடு. வேறு யாராக இருந்தாலும் அந்த நொடியில் ஓடியிருப்பார்கள். இவள் ஓடவில்லை. ஓடமுடியாமல் இல்லை, அவளுக்குச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குழந்தை இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. மூன்றாவது தடவையாக மூட்டை கட்டச் சொல்வதற்கு முன்னால், உண்மையிலேயே அவன் கண்ணில் படுமா என்று தெரியவேண்டாமா?

அவன் தேடப்போவது முகவரியை இல்லை, கோளாறை. அந்தக் கோப்பைத்தான் பாதி பாதியாக வெட்டித் தேடுவான். கோளாறு கோப்பின் கீழ்ப் பாதியில் இருந்தால், முகவரி உள்ள மேல் பாதியை அவன் படிக்காமலே ஒதுக்கிவிடுவான். அப்படியானால் பிழைத்தோம். மெதுவாக, சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். கோளாறு எங்கே? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அவனுக்கு முன்னால் தானும் வெட்டிப் பார்ப்பது.

கோப்பின் நகலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டரைப் புதிதாகத் திறந்தாள். திறக்கவில்லை. மூன்று வாரமாக மூடவே மூடாத எடிட்டர் என்பதால் அவளுக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. பாதியாக வெட்டினாள். கீழ்ப் பாதி இருநூற்றைம்பதை மட்டும் வைத்துத் திறந்தாள்.

திறந்துகொண்டது.

அப்படியானால் கோளாறு மேல் பாதியில். சரி, மேல் பாதியிலும் இருநூற்றைம்பது துண்டு இருக்கிறதே. மறுபடி வெட்டினாள். மேலே. மறுபடி. மேலே. விரல்கள் தப்புத் தப்பாக விழுந்தன. பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கீபோர்டைக் குனிந்து பார்த்துத் தட்டினாள். அறுபத்திரண்டு. மேலே. முப்பத்தொன்று. மேலே. யாரோ பின்னால் நின்று, "மேடம், போன மாச ரிப்போர்ட்…" என்றார்கள். "அப்புறம்" என்று கத்தினாள். அவள் கத்தி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

பதினாறு. மேலே. எட்டு. மேலே. நான்கு. இந்த நான்கில் முதல் மூன்றும் நேற்று கூரியர் அனுப்பிய பிறகு நகலெடுத்த குளோரின் எண்கள். அவற்றில் இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். முதல் இரண்டை மட்டும் வைத்துத் திறந்தாள். திறந்துகொண்டது. மூன்றாவதை மட்டும் வைத்தாள். திறந்துகொண்டது.

நான்காவதை வைத்தாள். திறக்கவில்லை.

பூட்டிய கோப்பிலிருந்து முகவரியை எடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குப்பை எழுத்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவன் எடிட்டரை முடக்கிப் போட்டது அந்த முகவரியேதான். எப்படி வெட்டினாலும், எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும், அந்த முறை அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அங்கேதான் நிறுத்தும். முறை தப்பாது. தப்பாது என்பதால்தான் அவள் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

பதில் எழுதலாமா என்று யோசித்தாள். 'அந்தக் கோப்பை அழிச்சிடுங்க, சரியாயிடும்' என்று எழுதலாம். காரணம் சொல்லாமல் அண்ணி எதையும் செய்யச் சொல்லமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். உடனே அந்தக் கோப்பைத்தான் திறந்து பார்ப்பான். தளத்திலிருந்து அவளே அழிக்கலாம். அழித்ததுகூட ஒரு மாற்றமாக, பழைய நகலோடு சேர்ந்து, தேதி போட்டு அங்கேயே நிற்கும். அவன் கணினியில் இறங்கியதை இங்கிருந்து யாரும் தொடவே முடியாது. எதுவும் தொலைந்துபோகக்கூடாது என்று அவள் பார்த்துப் பார்த்துக் கட்டியது, எதையும் தொலைக்க விடவில்லை.

பத்து ஐந்துக்கு இரண்டாவது அறிவிப்பு வந்தது.

"பரவாயில்ல அண்ணி, நானே பார்த்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி பாதி பாதியா வெட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு துண்டுதான் கோளாறு. எடுத்துட்டேன், இப்ப திறக்குது. ரொம்ப நன்றி."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நடைபாதையில் ஓடினாள். பாட்டில் அக்கா இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை இவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

சலவைக் கூடத்தில் மேற்பார்வைக்காரம்மா எடுத்தார். "வேலை நேரத்துல கூப்பிட முடியாதும்மா. ஒரு மணிக்குப் பண்ணுங்க."

"குழந்தைக்கு ஸ்கூல்ல உடம்புக்கு முடியல. உடனே கூப்பிடுங்க."

இந்தப் பொய்யாவது வந்ததே. காத்திருந்த நேரத்தில், பின்னால் இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு தங்கையின் மூச்சு.

"என்னாச்சு பாப்பாவுக்கு?"

"பாப்பா நல்லா இருக்கா. அவன் உங்க அட்ரஸப் பாத்துட்டான். என்னாலதான். என் கோப்புல இருந்து போயிடுச்சு. கிளம்பு. இப்பவே பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுக் கிளம்பு."

தங்கை அழவில்லை. அழும் கட்டத்தையெல்லாம் அவள் தாண்டிவிட்டாள்.

"எப்ப பாத்தான்?"

"பத்து அஞ்சுக்கு எழுதியிருக்கான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாத்திருப்பான்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த ஒரு பொய்தான் கைவசம் இருந்தது, அதுவும் செலவாகிவிட்டது. "ஒன்பது முப்பத்தஞ்சுக்கு."

"இப்ப மணி பத்தேகால்."

"ம்."

"நாப்பது நிமிஷம் என்னக்கா பண்ணிட்டிருந்த?"

"சரிபார்த்தேன்."

தங்கை ரிசீவரை விட்டுத் திரும்பிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. யாரிடமோ, "நான் போகணும்மா, இல்ல, திரும்பி வரமாட்டேன்" என்று சொல்வது தூரத்தில் கேட்டது.

"எங்க போகப்போறீங்க?" என்று இவள் கேட்டாள். "சொல்லு, நான் நேரா அங்க வந்துடறேன்."

"வேண்டாம்."

"சொல்லுடி. எதிலயும் எழுதி வைக்க மாட்டேன்."

"உனக்கு எழுதி வைக்காம இருக்கத் தெரியாதுக்கா. நீ நல்லவதான். எனக்காக எவ்வளவோ பண்ணியிருக்க. ஆனா இந்தத் தடவ உங்கிட்டயும் சொல்ல மாட்டேன்." போன் வைக்கப்பட்டது.

அவன் இரண்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றான். கீழ்வீட்டு அம்மாள் பிற்பாடு சொன்னது: நல்ல மரியாதையான ஆள், சாயங்காலம்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கையும் மகளும் பதினொன்றரைக்கே கிளம்பியிருந்தார்கள், இரண்டு பையோடு.

அதற்குப் பிறகு பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பார்த்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். எடிட்டரில் எழுதியதை அழித்துவிட்டு, உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று மறுபடி மறுபடி தேடிப் பார்ப்பாள். தளத்தில் இருந்த கோப்புறையை எடுத்துவிட்டாள். அதை நகலெடுத்த மற்றவர்களிடம் அது இருக்கும், அதற்கு அவள் என்ன செய்ய? செல்போன் அடித்தால் திடுக்கிட்டுவிடுவாள். தெருவில் யாராவது பின்னால் வேகமாக நடந்துவந்தால் நின்று அவர்களை முன்னால் போகவிடுவாள். பயம் தங்கையை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டதோ என்று பாட்டில் அக்கா சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை. இரண்டு பேரிடமும்தான் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் லேண்ட்லைன் அடித்தது. பாட்டில் அக்கா ஓடிவந்து கூப்பிட்டாள். இவள் போய் எடுத்தாள். குழந்தையின் குரல்.

"பெரியம்மா!"

நல்லா இருக்கியா, அம்மா நல்லா இருக்காளா, சாப்பிடறியா என்று என்னென்னவோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் குழந்தை 'உம்' கொட்டியது. அம்மா பக்கத்துக் கடைக்குள் போயிருக்கிறாள், இரண்டு நிமிடம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறாளாம்.

"பெரியம்மா, எங்க புது வீடு இருக்கே, ஜன்னல்ல இருந்து பாத்தா நேரா ஒரு பெரிய…"

"சொல்லாத கண்ணு."

"இல்ல பெரியம்மா, நீங்க மட்டும்தானே. ஒரு பெரிய…"

"வேண்டாம்!" ரிசீவரைக் காதிலிருந்து பிடுங்கி, கையை நீட்டி, எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டாள். சின்னக் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை அப்படியே நின்றாள். அப்புறம் மெதுவாகக் காதருகே கொண்டுவந்தாள்.

"பெரியம்மா? கேக்குதா?"

"கேக்கலம்மா" என்றாள். "பெரியம்மாவுக்கு எதுவும் மறக்காது. எங்கிட்ட மட்டும் சொல்லாத."